குந்தளீன் தந்த ஹெச். போஸ்

(நியூ டவுனில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நியூ டவுனில் வந்து குடியேறியிருக்கும் நம்மில் பலருக்குக் கல்கத்தா என்றால் காளிகாட், தக்ஷிணேஸ்வரம், ரசகுல்லா. விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இன்னொரு போஸ் அறிமுகமானார். அவர் ஹேமேந்திர மோகன் போஸ் (1864–1916), வாசனைத் திரவிய வியாபாரி.

படித்தவர்கள் குமாஸ்தா உத்தியோகத்துக்கு அலைந்த காலம் அது. அவரோ சொந்தமாகத் தைலமும் சென்ட்டும் தயாரித்து விற்றார். கூந்தலுக்குக் குந்தளீன், கைக்குட்டைக்கு தில்கோஷ், வெற்றிலைக்குத் தாம்பூலீன். குந்தளம், தாம்பூலம் என்ற சொற்களுக்கு நமக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

விளம்பரத்துக்கு அவர் கண்ட வழிதான் விசேஷம். 1896-ல் சிறுகதைப் போட்டி வைத்தார். கதையில் குந்தளீனும் தில்கோஷும் வர வேண்டும், ஆனால் விளம்பரமாகத் தெரியக்கூடாது என்பது நிபந்தனை. பரிசு பெற்ற கதையைப் பெயர் போடாமல் எழுதியவர் ஜகதீச சந்திர போஸ்! இலங்கைக்குக் கப்பலில் போகிறவர் புயலில் சிக்கி, மகள் கொடுத்த குந்தளீன் பாட்டிலைக் கடலில் வீச, அலை அடங்குகிறது. வங்காளி மொழியின் ஆரம்பகால விஞ்ஞானக் கதைகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. பின்னாளில் சரத்சந்திரரின் 'மந்திர்' கதைக்கும் இதே பரிசு கிடைத்தது. சைக்கிள், மோட்டார், இசைத்தட்டு என்று ஹெச். போஸ் கை வைக்காத துறை குறைவு. தாகூரின் குரலைப் பதிவு செய்தவர்களில் அவரும் ஒருவர்.

இதை ஏன் சொல்கிறேன்? சமீபத்தில் நம் அங்கத்தினர் ஒருவர், "மகள் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு அத்தர் தயாரிக்கப் போகிறேன் என்கிறாள், நீங்களாவது புத்தி சொல்லுங்கோ" என்றார். ஹெச். போஸின் கதையைத்தான் அவருக்குச் சொன்னேன்.

துணிச்சல் மட்டும் போதாது என்பதும் வாஸ்தவம். அழகு சாதனப் பொருள் தயாரிக்க லைசென்ஸ் வேண்டும். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டிலும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். குழந்தைகளிடம் இவற்றைக் கேளுங்கள். "மாசச் சம்பளம் உண்டா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். முதல் பாட்டிலை நாமே விலை கொடுத்து வாங்குவோம். அதுதான் உண்மையான ஆசீர்வாதம்.