ரத்தம் வந்தால் பிரஷை நிறுத்தாதீர்கள்



காலையில் பல் துலக்கித் துப்பும்போது நுரையில் லேசாகச் சிவப்பு தெரிகிறது. பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறோம்? பிரஷ் குத்திவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். மறுநாளிலிருந்து அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற பற்களை மட்டும் தேய்க்கிறோம். ரத்தம் நிற்பதற்குப் பதிலாகக் கூடுகிறது. பேஸ்ட்டை மாற்றிப் பார்க்கிறோம். அதற்கும் அடங்காவிட்டால், உடம்பில் சூடு என்று சொல்லி விட்டுவிடுகிறோம். வலி இல்லையே, அப்புறம் எதற்கு டாக்டர்?

நலமாக இருக்கும் ஈறு, மென்மையான பிரஷ் பட்டால் ரத்தம் விடாது. ரத்தம் வருகிறது என்றால், பெரும்பாலும் அந்த இடத்தில் பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிப் படலம் தங்கி, ஈறு புண்பட்டிருக்கிறது என்று பொருள். பிரஷ் அதிகம் தேவைப்படுவது அந்த இடத்துக்குத்தான். நாமோ சரியாக அதே இடத்தை விட்டுவிடுகிறோம்.

இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிய ஆய்வு ஒன்று 1965-இல் வெளியானது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர், ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. பிறகு மறுபடியும் துலக்கச் சொன்னார்கள். சுமார் ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. மருந்து எதுவும் தேவைப்படவில்லை. படலத்தை அகற்றியதே போதுமானதாக இருந்தது.

இந்தக் கட்டத்தில் நோய் நம் கையில்தான் இருக்கிறது. ஈறு இளஞ்சிவப்பு மாறிக் கருஞ்சிவப்பாகும், விளிம்பு உப்பியிருக்கும், தொட்டால் கசியும். அப்போதே கவனித்தால் முழுமையாகக் குணமாகும்.

கவனிக்காமல் விட்டால்? எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அந்தப் படலத்தில் இறங்கி, சில நாட்களிலேயே அதை இறுகச் செய்கிறது. அதுதான் பற்காரை. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக ஏதாவது தட்டுப்பட்டால் அதுவாகத்தான் இருக்கும். எச்சில் சுரக்கும் வாய்கள் அங்கே திறப்பதால் காரை முதலில் அங்கே படிகிறது. காரை படிந்த பிறகு எந்தப் பேஸ்ட்டாலும், எந்தப் பல்பொடியாலும் அதை எடுக்க முடியாது. உப்பும் கரியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தால் தேய்வது பல்தான்.

சிலருக்கு அழற்சி ஈறோடு நிற்காமல் கீழே இறங்குகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போலப் பள்ளம் விழுந்து, அதற்குள் கிருமிகள் குடியேறுகின்றன. பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லக் கரைகிறது. கரையை ஆறு அரித்துக்கொண்டே போக, வேர் வெளியே தெரிய நிற்கும் தென்னையை ஆற்றங்கரைகளில் பார்த்திருப்பீர்கள். மட்டையும் குலையும் நன்றாகத்தான் இருக்கும், மரம் நிற்கத்தான் மண் இருக்காது. பல்லும் அப்படித்தான், சொத்தை ஒன்றும் இல்லாமலே ஆட ஆரம்பிக்கிறது. பெரியவர்கள் பயோரியா என்று சொல்வது இந்த நிலையைத்தான். வாய் நாற்றம், ஈறு இறங்கிப் பல் நீண்டதுபோலத் தெரிவது, புதிதாக விழும் இடைவெளி, அழுத்தினால் சீழ் என்று அறிகுறிகள் இருந்தாலும், வலி மட்டும் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது.

இந்த நோய் மனிதர்களிடம் எப்படி வளர்கிறது என்று உலகம் அறிந்துகொண்டதில் தமிழர்களுக்கு ஒரு பங்கு உண்டு. பல பேருக்கு இது தெரியாது. அதே ஹரால்டு லோவும் அவருடைய குழுவினரும் 1970-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்துப் பதிவு செய்தார்கள். அவர்கள் மலையகத் தமிழர்கள். பல் மருத்துவம் அவர்களை எட்டியதே இல்லை, பிரஷ் கொண்டு துலக்கும் வழக்கமும் இல்லை. 1985 வரை, 15 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள்.

எல்லோருடைய வாயிலும் படலமும் காரையும் இருந்தன, ஈறும் வீங்கியிருந்தது. ஆனால் விளைவு ஒன்றாக இல்லை. 100-க்கு 11 பேருக்கு நோய் ஈறோடு நின்றுவிட்டது. 81 பேருக்கு மெதுவாக, மிதமாக வளர்ந்தது. மீதி 8 பேருக்கு விறுவிறுவென்று முற்றியது. அந்தப் பிரிவினர் 45 வயதுக்குள் எல்லாப் பற்களையும் இழந்திருந்தார்கள்.

இன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடம் இது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோட்ட மக்களின் நினைவுதான் முதலில் வருகிறது. ஒரு பிரஷும் ஒரு பல் மருத்துவரும் கிடைக்காமல் போனதன் விலையைத் தங்கள் வாயால் கொடுத்து, உலகத்துக்கு இந்த அறிவைத் தந்தவர்கள் அவர்கள்.

அந்த 11 பேரில் நாம் ஒருவரா, 8 பேரில் ஒருவரா என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆபத்தைக் கூட்டும் இரண்டு காரணங்கள் மட்டும் நன்றாகத் தெரியும். ஒன்று புகையிலை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறின் ரத்த ஓட்டம் குறைவதால் ரத்தக் கசிவும் குறைவாகவே தெரியும். எச்சரிக்கை மணி அடிக்காமலே உள்ளே எலும்பு கரையும். அதனால் புகைப்பவர்கள் ரத்தம் வருகிறதா என்று காத்திருக்கக் கூடாது.

மற்றொன்று சர்க்கரை நோய். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றுகிறது. ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால், மூன்று மாதச் சராசரி என்று சொல்லும் அந்த எச்.பி.ஏ.1.சி. அளவு சில மாதங்களில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன.

வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாய்ன், ரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் ஈறு எளிதில் வீங்கும். அவர்கள் பல் சுத்தம் செய்துகொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

சிகிச்சைக்கு வருவோம். பல் மருத்துவர் மெல்லிய அளவுகோல் ஒன்றை ஈறு விளிம்பில் விட்டுப் பள்ளத்தை அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. அதற்கு மேல் போய் ரத்தமும் கசிந்தால் எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்ப்பார். தண்ணீர் பீய்ச்சியபடி அதிரும் கருவியால் காரையை உடைத்து எடுப்பது ஸ்கேலிங். பள்ளம் ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வேர்ப்பகுதியையும் சுத்தம் செய்வார். அதற்கும் சரியாகாத சில இடங்களுக்குச் சின்ன அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஆன்டிபயாடிக் மாத்திரை மட்டும் வாங்கிச் சாப்பிட்டால் நோய் போகாது, ஏனென்றால் காரை அங்கேயேதான் இருக்கும். கரைந்த எலும்பு பெரும்பாலும் முழுதாகத் திரும்பி வராது. மேற்கொண்டு கரையாமல் நிறுத்தலாம். அதற்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து போய்க் காட்ட வேண்டியிருக்கும்.

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும், இடைவெளி விழுந்துவிடும் என்று ஒரு பயம் ஊரெல்லாம் இருக்கிறது. அந்த இடைவெளி முன்பே இருந்தது, காரை அதை அடைத்திருந்தது. காரை போனதும் வெளியே தெரிகிறது, வீங்கிய ஈறும் வற்றிச் சுருங்குகிறது. சில நாள் பல் கூசும், பிறகு அடங்கும். இந்தப் பயத்தால் பல்லை இழந்தவர்கள் ஏராளம். தயவுசெய்து இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சிறு வட்டமாகத் துலக்குங்கள். பற்களின் உள்பக்கம் விட்டுப்போகக் கூடாது. இரண்டு நிமிடம், இரண்டு வேளை. ஒரு வேளைதான் முடியும் என்பவர்கள் இரவை விடாதீர்கள். பல்லுக்கு நடுவே பிரஷ் போகாது, அதற்கென்றே சின்ன பிரஷ்ஷும் பல் இடுக்கு நூலும் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. குண்டூசி, தீக்குச்சி, ஊக்கு எதையும் இடுக்கில் விடாதீர்கள். சரியாகத் துலக்கத் தொடங்கியதும் முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்தும் ரத்தம் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

சர்க்கரை மாத்திரை வாங்க மாதந்தோறும் அரசு மருத்துவமனைக்குப் போகும் நேயர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை போகும்போது, அங்கே பல் பிரிவு இருக்கிறதா என்று விசாரித்து, ஈறையும் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். வலி இல்லாதபோதே போங்கள்.