புதுக் கேமரா பழுதானால் யார் பொறுப்பு?

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

நம் ஜமாஅத்துப் பிள்ளைகள் பலர் நிக்காஹ், வலீமா, பிற சமூகத்தாரின் கல்யாணம், காதுகுத்து என்று படம் எடுத்துப் பிழைக்கிறார்கள். மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி வரை மண்டபம் மண்டபமாகப் போகிறார்கள். அவர்களுக்குக் கேமரா ஆசைப்பொருள் அல்ல. உம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கிய தொழில் கருவி. அது மூன்றாம் வாரமே நின்றுபோனால் என்ன செய்வது? கடையில் கேட்டால் "கம்பெனியைப் பாருங்கள்" என்கிறார்கள். சர்வீஸ் சென்டரிலோ "தண்ணீர் பட்டிருக்கிறது" என்கிறார்கள். பணம் போனதோடு, ஒப்புக்கொண்ட கல்யாணமும் கைவிட்டுப் போகிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்ப்போம். "தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது" என்று சிலர் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இது பாதி உண்மை. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டுக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் நிறுவனம் தொடுத்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அந்த நிறுவனம் இயந்திரத்தை வாங்கியது பெரிய அளவிலான உற்பத்திக்கு என்பதால் அது நுகர்வோர் அல்ல என்று தீர்ப்பானது. ஆனால் தானே உழைத்துப் பிழைப்பதற்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோரே என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றும் நீதிமன்றம் சொன்னது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சுயதொழிலுக்கான இந்த விலக்கு இருக்கிறது. தன் கையால் படம் எடுக்கும் நம் தம்பிகளுக்கு இது பொருந்தும்.

இனி, வாங்கும் நாளில் செய்ய வேண்டியவை. பெட்டி, கேமராவின் அடிப்பகுதி, பில், வாரண்டி கார்டு ஆகியவற்றில் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைச் சுவரை எஃப் 16இல் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளி இருந்தால் தெரிந்துவிடும். வீடியோவைத் தொடர்ந்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கல்யாண வீட்டில் முதன்முறையாகச் சோதிக்காதீர்கள்.

வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவரும் கேமரா விலை குறைவுதான். ஆனால் பல நிறுவனங்களின் வாரண்டி விற்ற நாட்டோடு நின்றுவிடும். கார்டைப் படித்த பிறகு வாங்கச் சொல்லுங்கள்.

பழுது வந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்காதீர்கள். அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுப்பார்கள். பழுதைச் செல்போனில் வீடியோ எடுங்கள். கடைக்கு வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது, எழுத்தில் கொடுங்கள். பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற அச்சு, பழுதான பொருளுக்குச் சாக்காகாது. சர்வீஸ் சென்டரில் தேதி, சீரியல் எண், பழுதின் விவரம் எழுதிய ரசீது இல்லாமல் கேமராவைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் பட்டது என்றால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது போன்றவற்றுக்குப் பொதுவாக வாரண்டி இல்லை என்பதையும் நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

பலரும் விடாமல் கேட்டால் பெரிய நிறுவனமும் இறங்கிவரும். 2012இல் வந்த நிக்கான் டி600 கேமராவில் படங்களில் புள்ளி விழுந்தது. பல நாட்டு வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்கள். 2014 மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சி அதைக் காட்டியது. அதே மாதம், வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்வோம் என்று நிறுவனம் அறிவித்தது.

கடையும் கம்பெனியும் கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. எங்கே வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பழுது நீக்கவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நஷ்ட ஈடு தரவோ ஆணையம் உத்தரவிடலாம். மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம். மாநில ஆணையத்தின் கிளை மதுரையிலேயே இருக்கிறது.

நம்மில் கடை வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் ஆகாது. குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் அய்ப்' என்று சொல்கின்றன. வாடிக்கையாளரைக் கம்பெனிப் பக்கம் தள்ளிவிடாமல், கூடவே ஒரு போன் பேசி உதவுங்கள்.

புகார் எழுதத் தெரியாதவர்கள் பில்லும் ரசீதும் எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.