பெரிய ஹோட்டலில் ஒரு நாள்



திருவனந்தபுரத்தில் சாலை என்று ஒரு கடைவீதி இருக்கிறது. கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் இதை உண்டாக்கினார். 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அரிசி, மிளகாய், வெங்காயம், பூ, பாத்திரம் எல்லாம் அங்கே கிடைக்கும். தமிழ் பேசும் குடும்பங்களும் அங்கே நிறைய. அந்தக் காலத்தில் மாட்டுவண்டியில் சரக்கு வந்தது. இன்று லாரியில் வருகிறது.

நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர் சாலைக்குச் சரக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரம் வந்தால் தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்குவார். இந்தத் தடவை சாலை முதலாளி வீட்டுக் கல்யாணம். முதலாளி ஒரு பெரிய ஹோட்டலில் அறை எடுத்துக் கொடுத்துவிட்டார். நகரில் இப்போது அப்படிப்பட்ட ஹோட்டல்கள் பல உண்டு. 2022-இல் வழுதக்காட்டில் திறந்த ஹயாத் ரீஜென்சியில் மட்டும் 132 அறைகள். அண்ணாச்சிக்குக் கிடைத்தது வேறொரு ஹோட்டல். அதன் பெயர் நமக்கு வேண்டாம்.

அறை வாடகை முதலாளி கணக்கு. மற்றதெல்லாம் அண்ணாச்சி கணக்கு. அந்த 'மற்றது' எது? அதில்தான் விஷயமே இருக்கிறது.

வாசலில் ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். அண்ணாச்சிக்குக் கூச்சம். செருப்பைக் கழற்றலாமா என்றுகூட யோசித்தார். உள்ளே ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், ஊர், முகவரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். அறிவொளி வகுப்பில் பழகிய கையெழுத்துதான். ஆதார் நகல் கேட்டார்கள். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற ஆதாரும் உண்டு. அதையே கொடுத்தார்.

சாவி கேட்டால் ஓர் அட்டை வந்தது! கதவில் காட்டினால் திறக்கும். உள்ளே சுவரில் ஒரு சிறு பெட்டி. அதில் அட்டையைச் செருகினால்தான் விளக்கு எரியும். இது தெரியாமல் கொஞ்ச நேரம் இருட்டில் நின்றார்.

குளியலறைக் குழாயில் சிவப்புப் புள்ளி வெந்நீர், நீலம் தண்ணீர். இது எளிது. மேசைமேல் இரண்டு தண்ணீர் பாட்டில்கள். இலவசம் என்று எழுதியிருந்தது. சின்ன குளிர்பெட்டியில் முந்திரி, மிட்டாய், குளிர்பானம். முந்திரிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட்டார். பக்கத்தில் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். சாலையில் ஒரு கிலோ வாங்கலாம் போலிருந்தது அந்த விலை! பொட்டலம் திரும்ப உள்ளே போனது.

கதவின் பின்புறம் ஒரு படம் ஒட்டியிருந்தது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டும் படம் அது. லிஃப்டில் ஏறக் கூடாது, படிக்கட்டில் இறங்க வேண்டும். அண்ணாச்சி வெளியே வந்து படிக்கட்டு எங்கே என்று பார்த்துக்கொண்டார்.

இரவு கீழே சாப்பிட்டார். பில்லைக் கடைசி வரி வரை படித்தார். வரி என்று ஒரு தொகை இருந்தது. அது அரசுக்குப் போகும் பணம். கொடுக்கத்தான் வேண்டும். அறைக்கும் வரி உண்டு. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். இது 2025 செப்டம்பர் 22 முதல் உள்ள கணக்கு.

அதற்கு மேலே 'சேவைக் கட்டணம்' என்று இன்னொரு தொகை இருந்தது. இது வேறு. இதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்றது.

"தம்பி, இது கட்டாயமா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"இல்லை ஸார், விருப்பம்தான்."

"அப்போ எடுத்துடுங்க."

புது பில் வந்தது. பரிமாறிய பையனுக்கு அவராகவே 50 ரூபாய் கொடுத்தார். அது அவருடைய இஷ்டம்.

மறுநாள் 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்தது. அண்ணாச்சி 8 மணிக்கே இறங்கிவிட்டார். வாசலில் ஆட்டோ நின்றது.

"சாலைக்குப் போகணும். வெங்காய லாரி வந்திருக்கும்."