கல் சுமந்த கைகள் வரைகோல் ஏந்துக

 

நம் பிள்ளைகள் ஆசிரியப் பணியையும் அரசு அலுவலையும் நாடுகின்றனர், நன்று. ஆனால், கட்டடக் கலை என்றொரு கல்வி உண்டென்பதை அவர்களுள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே, கொழும்பு நகரில் இயங்கிய ‘எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக்’ என்னும் கட்டடக் கலை நிறுவனத்தின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1923-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தோன்றிற்று. 1952-இல் அதன் கூட்டாளியான ரீட் மறைந்தார். அவரிடம் பயிற்சி பெற்ற ஜெஃப்ரி பாவா முன்னர் வழக்கறிஞராய் இருந்தவர். அவர் இலண்டன் சென்று பயின்று, 1957-இல், தம் 38-ஆம் வயதில் கட்டடக் கலைஞராய்த் தகுதி பெற்றார். நாடு திரும்பி அந்நிறுவனத்தில் கூட்டாளியானார். கல்விக்கு வயது தடையன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

1960-களில் இலங்கையில் அந்நியச் செலாவணி அருகியது. இரும்பும் கண்ணாடியும் இறக்குமதி செய்தல் அரிதாயிற்று. அந்நிறுவனத்தார் சோர்ந்துவிடவில்லை. உள்ளூர் ஓடு, மரம், கல் ஆகியவற்றைக் கொண்டே புதுமுறைக் கட்டடங்களை எழுப்பினர். நெளிவுள்ள சிமெண்டுத் தகடுகளைக் கூரையில் பரப்பி, அவற்றின்மேல் நாட்டு ஓடுகளை வேய்ந்தனர். ஒழுக்கு நின்றது, அழகும் நிலைத்தது. 1962-இல் நிறைவுற்ற ஈனா டி சில்வா இல்லம் நடுமுற்றத்தைச் சூழ்ந்து எழுந்தது. பழைமையென ஒதுக்கப்பட்ட முற்றமும் தாழ்வாரமும் மீண்டும் மதிப்புப் பெற்றன.

புகழ் ஒருவருக்கு வாய்ப்பினும் உழைப்பு பலருடையது. டென்மார்க்கு நாட்டு உல்ரிக் பிளெஸ்னரும், தமிழ்ப் பொறியாளர் பூலோகசுந்தரமும் அந்நிறுவனத்தின் தூண்களாய் விளங்கினர். சதுப்பு நிலத்தை ஏரியாக்கி, அதன் நடுவே கோட்டேயில் எழுந்த பாராளுமன்றக் கட்டடம் 1982-இல் திறக்கப்பெற்றது.

இளைஞர்களே! பாவா செல்வக் குடியிற் பிறந்தவர். அவ்வாய்ப்பு நமக்கு இல்லை. ஆயினும், சுண்ணாம்பின் பதத்தையும் செங்கல்லின் உறுதியையும் நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய்க் கையால் அறிந்தவை. நம் முன்னோர் எழுப்பிய கட்டடங்களில் அவர்தம் பெயர் பொறிக்கப்படவில்லை. தாம் கட்டிய வீட்டின் வாயிற்படியை, வேலை முடிந்த மறுநாள் மிதிக்கவும் அவர்கள் விடப்படவில்லை. கட்டடத்தின் வரைபடத்தை வரைபவன் அதன் வாயிலையும் தீர்மானிக்கின்றான். அவ்வரைகோல் நம் கைக்கும் வரவேண்டும்.

ஆதலின், மேனிலை வகுப்பில் கணிதத்தை அஞ்சாது பயிலுங்கள். நுழைவுத் தேர்வெழுதி ஐந்தாண்டுப் பட்டப் படிப்பில் சேருங்கள். பெண்மக்களும் முன்வருக! பெற்றோர் தடை சொல்லாதிருப்பாராக! அடுத்த 25 ஆண்டுகளுக்குள் நம் சங்கத்திற்கு எழும் கட்டடத்தை நம் பிள்ளையொருவர் வரைந்தார் என்னும் செய்தி வரட்டும்.