முகமுகமாய்ச் சொல்லவேண்டியவை

(ஸ்தோத்திரக் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)





வேதத்திலுள்ள மிகச் சிறிய நிருபங்களில் ஒன்று யோவானின் இரண்டாம் நிருபம். அதன் முடிவில் மூப்பர், சொல்லவேண்டியவை இன்னும் நிறைய இருந்தும், நேரில் வந்து பேசவே விரும்பி எழுத்தை நிறுத்திக்கொள்ளுகிறார். எதை எழுதலாம், எதை நேரில் சொல்லவேண்டும் என்று அவர் அறிந்திருந்தார். நம் புற்றுநோய்ப் பிரிவில் நாங்கள் அதைக் கற்றுக்கொள்ளச் சற்றுக் காலம் ஆயிற்று.

நம்மிடம் வருகிறவர்களில் பலர் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நெடுந்தூரம் ரயிலில் வருகிறவர்கள். ஒரு மாத்திரையைப் பற்றிக் கேட்க அவ்வளவு தூரம் வரவேண்டுமா? 2020 மார்ச் மாதம் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், மருத்துவர் மின்னஞ்சல் வழியாகவும் ஆலோசனை கூறலாம் என்று தெளிவாக்கின. அதுமுதல் வாய்ப்புண், வாந்தி, அடுத்த ஊசிக்கு முன் செய்யவேண்டிய இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைக் குறித்துக் கடிதங்கள் வருகின்றன. நம் செவிலியர் சகோதரி அவற்றை வாசித்து, மருத்துவரிடம் கேட்டுப் பதில் எழுதுகிறார். இரவில் பயந்து எழுதியவர்கள் பதிலைக் கண்டு ஆறுதல் அடைகிறார்கள்.

ஆனால் ஒரு சம்பவத்தை நான் மறைக்கக் கூடாது. ஒரு தாயார் பயாப்ஸி முடிவு வருமுன்னே ஊர் திரும்பிவிட்டார். "ஏழைக் குடும்பம், மறுபடி அலையவைக்க வேண்டாம், மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்" என்று பரிந்து பேசியவன் நான்தான். அந்த வீட்டில் இருந்தது ஒரே கைபேசி. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தியே. முடிவை வாசித்த அந்தப் பிள்ளை, அம்மாவிடம் சொல்லமாட்டாமல் மூன்று நாள் தனியே சுமந்தாள். சிகிச்சைக்கு வந்தபோது, மொழிபெயர்ப்பாளர் மூலம் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "முதலில் ஒரு போன் செய்திருக்கக் கூடாதா, ஐயா?" என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

அன்றுமுதல் கடினமான செய்தியை நாங்கள் மின்னஞ்சலில் அனுப்புவதில்லை. யார் உடனிருப்பார் என்று முன்னதாகவே கேட்டு, மருத்துவர் நேரிலோ தொலைபேசியிலோ சொல்லுகிறார்.

இன்னும் இரண்டு காரியங்களுக்கு எழுத்து உதவாது. கீமோதெரபி எடுப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் கண்டால், எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கிருமித்தொற்று மிக விரைவில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். மற்றொன்று, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின். அதைத் தொலைமருத்துவத்தில் எழுதிக்கொடுக்க அதே நெறிமுறைகள் அனுமதிப்பதில்லை. வலியுள்ளவர் மருத்துவரை நேரில் காணவேண்டும். பயணத்துக்குப் பணம் இல்லாதவர் என்ன செய்வார்?

இங்கேதான் உங்கள் காணிக்கை வந்து நிற்கிறது. அது பதில் எழுதும் சகோதரியின் சம்பளமாகிறது. வரவேண்டியவரை வரவழைக்கும் ரயில் கட்டணமுமாகிறது. இரண்டும் நமக்கு வேண்டும்.

தீர்க்கதரிசிகளைக் கொண்டு எழுதித் தந்த நம் தேவன், அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மாம்சத்தில் தாமே நம்மிடம் வந்தார். அவருடைய பெயரால் நடக்கும் இந்த மருத்துவமனை, கடிதத்துக்குப் பதில் எழுதவும், தேவையானபோது கையைப் பிடித்துக்கொண்டு பேசவும் தவறாதிருக்க எங்களுக்காக ஜெபியுங்கள். அந்த மகளுக்காகவும், அவளுடைய தாயாருக்காகவும் ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.