ஆறு புள்ளிகளும் நமது நூலகமும்

(ஜனவரி 4, பிரெயில் தினத்தன்று ஒரு பொது நூலகத்தில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

பாரீசுக்கு அருகே கூப்வ்ரே என்ற ஊரில் குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்த தொழிலாளி ஒருவர் இருந்தார். அவருடைய மகன் லூயி பிரெயில், 1809 ஜனவரி 4ந் தேதி பிறந்தான். மூன்று வயதில் தகப்பனாரின் பட்டறையில் குத்தூசியை எடுத்து விளையாடினான். ஊசி கண்ணில் பாய்ந்தது. புண் மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதிற்குள் இரண்டு கண்களும் போயின.

இது நமக்குப் புதிய கதையா? தறியிலிருந்து நாடா பறந்து வந்து கண்ணைப் பறிகொடுத்த தொழிலாளியை ஆலைப் பகுதி அறியும். கதிரடிக்கும்போது நெல் தெறித்து, கண் புண்ணாகிப் பார்வை இழந்த விவசாயத் தொழிலாளியைக் கிராமம் அறியும். அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, ‘பாவம்’ என்று சொல்லிப் போய்விடுகிறோம். நமது குற்றம் இது.

லூயி திண்ணையில் முடங்கவில்லை. பாரீசில் பார்வையற்ற சிறுவர்களின் பள்ளியில் சேர்ந்தான். பார்பியே என்ற ராணுவ அதிகாரி வகுத்திருந்த 12 புள்ளி எழுத்தைப் பழகினான். அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினான். அப்போது 1824ம் ஆண்டு. அவனுக்கு வயது 15! 1829ல் இம்முறை நூலாக வெளிவந்தது. காகிதத்தில் புள்ளி குத்தும் கருவியும் குத்தூசி போன்றதுதான். 1852ல் பிரெயில் காலமானார். பிரான்சு அரசு 1854ல்தான் அவருடைய எழுத்தை முறையாக ஏற்றது.

ஆறு புள்ளிகளில் 63 வடிவங்கள் பிறக்கின்றன. 1951ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் முறை வந்தது. அதில் நமது ‘அ’வுக்கு ஒரே ஒரு புள்ளி.

‘கைபேசியே படித்துக் காட்டுகிறதே, பிரெயில் எதற்கு?’ என்று சிலர் கேட்கிறார்கள். காதால் மட்டும் கேட்டவருக்கு எந்த ‘ன’, எந்த ‘ண’ என்று எப்படித் தெரியும்? தன் மனுவைத் தானே எழுதி, தானே படித்துப் பார்க்க எழுத்து வேண்டாமா?

ஆனால் பிரெயில் காகிதம் தடித்தது. சாதாரணப் புத்தகம் ஒன்று பிரெயிலில் பல பாகங்களாகப் பெருத்துவிடும். கூலிக்காரன் அதை வாங்க முடியுமா? வாங்கினாலும் குடிசையில் வைக்க இடமேது? பொது நூலகம்தான் வழி.

சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பகுதி இருக்கிறது. நல்லது. தாலுகாவில் இருப்பவர் என்ன செய்வார்? 1948ம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகை கொடுக்கும் தொழிலாளியின் காசும் அதில் சேருகிறது. பார்வையற்றவர் வீட்டுக்கு அந்த வரியில் தள்ளுபடி உண்டா?

ஆகவே, ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒன்றுகூடித் தீர்மானம் போடுவோம். தாலுகா நூலகந்தோறும் பிரெயில் அலமாரி, கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியர் - இந்த இரண்டையும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கோருவோம். பார்வையற்ற தோழர்களை முன்வரிசையில் நிறுத்தியே போவோம்.

நாம் தர்மம் கேட்கப் போகவில்லை, தோழர்களே! கட்டிய வரிக்குக் கணக்குக் கேட்கப் போகிறோம்!