இறங்கும் எண்ணெயும் மறக்கும் மனமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்தின் மேடையில் பழைய மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தொழில் 1970-இல் முடிவுற்றது. அதன் பின்னும் திருவொற்றியூரில் புல்லட் வண்டி பிறந்துகொண்டே இருந்தது. தாய்வீடு மூடப்பட்ட பின்னும் வந்த ஊரில் வாழ்ந்த அவ்வண்டி, பிழைக்க வந்த ஊரில் தமிழை வளர்க்கும் நமக்கு அயலானது அன்று. தந்தை ஓட்டிய புல்லட்டை மகன் துடைத்துக் காக்கும் வீடுகள் பெங்களூரில் பல உண்டு. சிவாஜிநகரிலும் ஜே.சி. சாலையிலும் உதிரி பாகம் தேடி அலையும் அன்பர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். அவ்வண்டிகளுக்கு வரும் ஒரு நோயைப் பற்றியும், அந்நோயினும் கொடிதாகிவிடக்கூடிய ஒரு மருந்தைப் பற்றியும் இன்று பேச விழைகிறோம்.

நோய் இதுதான். ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குப் போய் வந்து வண்டியை நிறுத்துகிறோம். நகரத்து நெரிசலுக்கு அஞ்சி வாரம் முழுதும் அதைத் தொடுவதில்லை. மறு ஞாயிறு எண்ணெய்த் தொட்டியைத் திறந்தால் அளவு குறைந்திருக்கிறது. தரையிலோ ஒரு சொட்டும் இல்லை. கிக்கரை மிதித்தால் கால் கனக்கிறது. எஞ்சின் பிடித்துக்கொண்டதும் நீலப் புகை தெருவை மறைக்கிறது. எண்ணெய் எங்கே போயிற்று?

விடையை நம் வீட்டிலேயே காணலாம். இவ்வூரில் காவிரி நீர் தரைக்கடியிலுள்ள சம்ப்பில் விழுகிறது. அங்கிருந்து மோட்டார் அதனை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. பழைய மோட்டார் சைக்கிளிலும் அவ்வாறே ஒரு தொட்டியும் ஒரு சம்ப்பும் உண்டு. தொட்டியில் எண்ணெய் நிற்கும். ஒரு பம்ப் அதனை எஞ்சினுக்குள் செலுத்தும். அது கிராங்கையும் பேரிங்கையும் நனைத்துக் கீழே சம்ப்பில் வடியும். இரண்டாவது பம்ப் வடிந்ததை எடுத்து மீண்டும் தொட்டிக்கு அனுப்பும். எடுக்கும் பம்ப் கொடுக்கும் பம்ப்பைவிடப் பெரியது. ஆகையால் ஓடும்போது சம்ப் ஏறக்குறைய வறண்டே இருக்கும்.

ஓடும்போது இவ்வாறு. நிற்கும்போதோ பம்ப் உறங்குகிறது. பூமியின் ஈர்ப்பு உறங்குவதில்லை. தேய்ந்த பம்ப்பின் நுண்ணிய இடைவெளி வழியே எண்ணெய் சிறுகச் சிறுகக் கசிந்து சம்ப்பில் சேர்கிறது. ஆகவே எண்ணெய் தொலைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது.

எல்லா வண்டிகளுக்கும் இது ஒரே அளவில் வருவதில்லை. மைசூரில் 1961 முதல் செய்யப்பட்ட ஜாவா, பின்வந்த யெஸ்டி ஆகியவற்றில் எண்ணெய் பெட்ரோலிலேயே கலந்து செல்லும். அவற்றுக்கு இந்நோய் இல்லை. பழைய புல்லட்டின் தொட்டி கிராங்க் கேஸின் பின்புறத்திலேயே தாழ்வாக வார்க்கப்பட்டது. அதில் கசிவு மெல்ல நடக்கும். இரண்டாம் உலகப் போரில் படைக்கு ஓடிய பி.எஸ்.ஏ. எம்-20, நார்ட்டன் 16-எச் போன்றவற்றில் தொட்டி தனியே, உயரத்தில் இருக்கும். அவற்றில் விரைவாக இறங்கும். 2008, 2009 ஆண்டுகளில் வந்த புதிய என்ஃபீல்டு எஞ்சின்களில் எண்ணெய்க்கு உறைவிடமே சம்ப்தான். அங்கே இப்பேச்சுக்கு இடமில்லை.

இனி, செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, செய்யக்கூடாத ஒன்று. தொட்டி குறைந்திருக்கக் கண்டதும் புதிய எண்ணெயை ஊற்றிவிடக் கூடாது. எஞ்சின் ஓடியதும் கீழிருக்கும் எண்ணெய் மேலேறி, தொட்டி நிரம்பி வழியும். எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, உடனே அளவு பார்ப்பதே முறை.

இரண்டாவது, நோயை இன்னதென்று அறிவது. எஞ்சினை நன்கு சூடேற ஓட்டி நிறுத்திய கையோடு, சம்ப்பின் அடித்திருகைக் கழற்றி வடிவதை அளந்து கொள்ளுங்கள். பின்பு திருகை மாட்டி, வண்டியை ஒரு வாரம் நிறுத்தி, மறுபடியும் வடித்து அளவுங்கள். முதல் அளவே மிகுதியானால் எடுக்கும் பம்ப்பிலோ அதன் வழியிலோ குறை. முதல் அளவு சிறிதாகவும் இரண்டாவது மிகுதியாகவும் இருந்தால், நிற்கும்போது கசிகிறது என்று துணியலாம். அளக்கும் குவளை ஒன்றே போதும். ஊகத்தில் பணம் செலவழிக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, குறையை அதன் பிறப்பிடத்திலேயே தீர்ப்பது. புல்லட்டின் பம்ப்பில் வட்டத் தட்டு ஒன்று அசைந்து அசைந்து வழியைத் திறந்து மூடுகிறது. தட்டும் அது அமரும் முகமும் கீறல் விழுந்திருந்தால், மென்மையான தேய்ப்புப் பசையிட்டு நன்கு படியத் தேய்த்து, தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். எம்-20 வண்டியில் எண்ணெய் இறங்காமல் தடுக்க ஒரு குண்டு வால்வு தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டது. கிணற்று மோட்டாரின் குழாயடியில் ஃபுட் வால்வு நீரை எவ்வாறு நிறுத்துகிறதோ, அவ்வாறே இதுவும். குண்டின் அடியில் ஒரு தூசு தங்கினாலும் அது மூடாது. கழற்றித் துடைத்தாலே பல வேளைகளில் நோய் தீரும்.

தேய்மானம் சிறிதாயின் வாரம் ஒருமுறையேனும் வண்டியை ஓட்டுவதே போதிய மருந்து. நெடுநாள் நிறுத்தி வைத்தால், எடுப்பதற்கு முன் சம்ப்பை வடித்துவிடலாம். செலவு சில நிமிடங்களே.

இத்தனையும் தொல்லை என்று கருதுவோர் ஓர் எளிய வழியை நாடுகிறார்கள். தொட்டிக்கும் பம்ப்புக்கும் இடையிலுள்ள குழாயில் ஒரு திருகு குழாய் வைத்து, நிறுத்தும்போது மூடிவிடுகிறார்கள். கசிவு அறவே நின்றுவிடுகிறது. ஆனால், அன்பர்களே, மூடியதைத் திறக்க மறந்து எஞ்சினை முடுக்கினால் என்ன ஆகும்?

பேரிங்குக்கு எண்ணெய் செல்லாது. இரும்போடு இரும்பு உரசிச் சூடேறி எஞ்சின் இறுகிவிடும். ஓடும் வேளையில் இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, ஓட்டுபவர் சாலையில் வீழ்வார். புகை கக்கிய நோய் உயிரைக் குடித்ததில்லை, இம்மருந்து குடிக்கக்கூடும்.

தொட்டியின் வாயில் எண்ணெய் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார் உண்டு. போதாது. அது சம்ப்பில் மிஞ்சிக் கிடந்த எண்ணெயாக இருக்கலாம். குழாய் மூடியிருந்தாலும் சிறிது நேரம் அது திரும்பி வரத்தான் செய்யும். ஆகையால் அது நம்பத்தகாத சாட்சி. இடையில் ஸ்பிரிங் வால்வு பொருத்துவோரும் எண்ணிப் பார்க்க வேண்டும். பம்ப் அந்த ஸ்பிரிங்கை வென்று உறிஞ்ச வேண்டும். இணைப்பில் சிறு ஓட்டை இருந்தால் எண்ணெய்க்கு மாறாகக் காற்றையே உறிஞ்சும்.

ரயில்வேயில் எழுத்தர் பணி செய்யும் நமக்கு இங்கே கைகாட்டி மரம் நினைவுக்கு வருகிறது. தண்டவாளம் உரிய பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ளும் வரை, நிலையத்தில் கைகாட்டியை இறக்கும் லீவர் அசையாது. லீவரைப் பிடிப்பவர் எத்துணை அனுபவம் மிக்கவராயினும் சரி, இரவெல்லாம் கண்விழித்துக் களைத்தவராயினும் சரி, அது இணங்காது. இன்டர்லாக்கிங் என்னும் இப்பிணைப்பு மனிதரை இழிவுபடுத்துவது அன்று. மறதி மனித இயல்பு என்று ஒப்புக்கொண்டு, அவரையும் பயணிகளையும் காப்பது. இன்னொன்றும் உண்டு. கைகாட்டியை இழுக்கும் கம்பி அறுந்தால், எடையின் இழுப்பால் அது தானே அபாய நிலைக்குத் திரும்பும். பழுது நேர்ந்தாலும் வண்டி நிற்குமேயன்றி ஓடாது.

அந்த இரு விதிகளையும் எண்ணெய்க் குழாய்க்கும் இடலாம். குழாய் வைத்தே தீர வேண்டுமாயின், அது திறந்தாலன்றி எஞ்சின் கிளம்பாதவாறு பிணைக்க வேண்டும். பேட்டரியும் காயிலும் உள்ள வண்டியில், குழாயோடு அசையும் சுவிட்ச் வழியே மின்சாரத்தைச் செலுத்தலாம். அக்கம்பி அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும். அது நல்ல பழுது. மாக்னெட்டோ வண்டியிலோ பொறியை நிறுத்த மின்சாரத்தைத் தரைக்கு இறக்க வேண்டும். அங்கே கம்பி அறுந்தால் குழாய் மூடியிருந்தும் எஞ்சின் ஓடும். அது தீய பழுது. அத்தகைய வண்டிக்கு, மூடியிருக்கையில் கிக்கரையே தடுத்து நிற்கும் கைப்பிடி அமைப்பதே நன்று. இவற்றுள் ஒன்றும் இயலாதெனில், குழாய் வேண்டா. ஞாயிறு காலையில் வடிதட்டை எடுங்கள்.

"நாம் மறக்கமாட்டோம்" என்று ஒவ்வொருவரும் சொல்வோம். வீட்டில் குழந்தை அழைக்கும், தொலைபேசி ஒலிக்கும், நண்பர் வண்டியை இரவல் கேட்பார். அந்நண்பருக்கு அப்படி ஒரு குழாய் இருப்பதே தெரியாது! பழைய வண்டியைக் காப்பது பழைமையின் மீதுள்ள பற்று மட்டுமன்று. அதில் ஏறும் மகனுக்கும் நண்பனுக்கும் நாம் ஏற்கும் பொறுப்புமாகும். கசிவு பொறுத்துக்கொள்ளத் தக்கது. மறதியின் கையில் உயிரை ஒப்படைப்பது பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று.